முப்பத்தாறு அவுன்ஸ்

ஒரு நாளைக்கு முப்பத்தாறு அவுன்ஸ். என் பேத்தி குடித்த பாலின் அளவு அது. புட்டிக்கு ஆறு அவுன்ஸ் வீதம் ஆறு புட்டி. அப்போது அவளுக்கு ஒரு வயதும் ஒரு மாதமும். இந்தக் கணக்கை நான் பக்கத்து வீட்டில் சொன்னேன், தபால்காரரிடம் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்து, "பரவாயில்லைங்களே" என்றார். அன்று முழுவதற்கும் எனக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அதற்கு முன் முப்பத்தொரு வருடம் நான் சிங்காநல்லூரில் ஒரு மில்லின் நூல் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். நூலை நூற்றிருபது கெஜம் சுற்றி எடுத்து எடை போடுவோம். கறுப்புப் பலகையில் சுற்றி வைத்து, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று எண்ணிக் குறிப்போம். ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு எண்ணுவதற்கு எதுவும் இல்லை. மாடிப்படி பதினேழு. ரயில்வே கேட் வரை நடந்தால் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் அடி. இதையெல்லாம் யாரிடம் சொல்ல முடியும்? என் மனைவியிடம் சொல்லலாம். அவளும் பேத்தி பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டாள்.

மகளும் மருமகனும் என்னோடுதான் இருந்தார்கள். மருமகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. காலையில் ஆறரை பஸ்ஸுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மகள் ஒரு பள்ளியில் ஆசிரியை. பேத்தி மூன்று வாரம் முந்திப் பிறந்தாள். இரண்டு கிலோ நூறு கிராம். நர்ஸ் தராசில் வைத்தபோது நான் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தேன். அந்த இரண்டு கிலோ நூறு என் தலைக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. அதை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும்.

ஐந்தரை மாதம் மகள் தாய்ப்பால் கொடுத்தாள். பிறகு பள்ளியிலிருந்து ஆள் மேல் ஆள் விட்டார்கள்.

"அப்பா, உங்களால ஆகுங்களா? இல்லீன்னா நான் வேலைய உட்டுர்றனுங்ப்பா."

"ஏன், நான் ஒரு கொழந்தையப் பாத்துக்க மாட்டனா? மில்லுல ஆயிரத்தெட்டு ஸ்பிண்டில் பாத்தவன்டி நான்."

"ஸ்பிண்டிலு அழுவாதுங்ப்பா" என்று சிரித்தாள்.

எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுப்பதானால் ஒரே மாட்டுப் பாலாக இருக்க வேண்டும் என்பார்கள். பல மாட்டுப் பால் கலந்தால் வயிற்றுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. பாக்கெட் பாலில் எத்தனை மாடு கலந்திருக்கிறதென்று யார் எண்ணுவது? அதனால் குளத்தேரிப் பக்கம் நாலு மாடு வைத்துக் கறந்து விற்ற ஒரு அம்மாவைப் பிடித்தேன். ஐம்பது வயதிருக்கும். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய ஒரு செவலை மாடு அந்த வீட்டில் இருந்தது. அதன் பால் மட்டும் எனக்குத் தனிச் சொம்பில் வேண்டும் என்றேன். காலையிலும் சாயங்காலமும் நானே போய்க் கறக்கும்வரை பக்கத்தில் நின்றேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேரக் கூடாது. நுரை அடங்கியதும் அளவு பார்ப்பேன்.

"ஏனுங்ண்ணா, தெனமும் இப்பிடி வந்து நின்னுக்கறீங்களே, மாட்டுக்கு உங்க பேருல ஒரு அட்டை எழுதிக் கழுத்துல கட்டி உட்டறட்டுங்களா?"

"எழுதிக் கட்டுனாலும் நான் வந்து பாப்பனுங்."

"பாருங், பாருங். மாடு வெக்கப்படுது."

குழந்தைக்காக ஒரு நோட்டுப் போட்டேன். இருநூறு பக்கம், கோடு போட்டது. தேதி, நேரம், பால் எத்தனை அவுன்ஸ், மிச்சம் எத்தனை, தூக்கம், மலம், மற்ற உணவு என்று ஏழு பத்தி. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைத் தராசில் எடை. கடைக்காரர் பருப்பு மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தட்டில் துணி விரித்துத் தருவார். ஆறாம் மாதம் ஐந்து கிலோ நானூறு. எட்டாம் மாதம் ஏழு இருநூறு. பத்தாம் மாதம் எட்டு தொள்ளாயிரம். முள் ஏற ஏற எனக்கு இன்னும் ஆசை கூடியது.

மற்ற உணவு என்ற பத்தியில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: மறுத்தாள். மகள் காலையில் குழைந்த சோறும் பருப்பும் பிசைந்து மூடி வைத்துவிட்டுப் போவாள். நான் ஒரு கரண்டி வைப்பேன், நாக்கால் வெளியே தள்ளுவாள். இரண்டாவது கரண்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூன்றாவதற்கு அழுகை. அழவிட எனக்கு மனசு வராது. புட்டியைக் கையில் எடுத்தால் போதும், அழுகை நின்றுவிடும். கண்கள் என்மேலேயே இருக்கும். குடித்து முடிக்கும்வரை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். அப்படி ஒருவர் என்னைப் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று கணக்குப் போட்டால் சரியாக வராது. நோட்டில் "மறுத்தாள்" என்று எழுதிவிட்டுப் பால் பத்தியில் "6 அவுன்ஸ், மிச்சம் இல்லை" என்று எழுதுவேன். சோற்றுப் பத்தியைப் பால் பத்தி ஈடு செய்துவிட்டதாக நினைத்தேன். வயிறு நிறையப் பால் இருக்கிற குழந்தைக்குச் சோறு எதற்கு வேண்டியிருக்கும்? இது ஒரு பெரிய கணிதம் இல்லை. எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் மாதத்தில் இன்னொரு காரியம் செய்தேன். டவுனில் ஒரு மருந்துக்கடையில் பால் புரதப் பவுடர் டின்னைப் பார்த்தேன். நூறு கிராமில் இத்தனை கிராம் புரதம் என்று பின்னால் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. கட்டம் கட்டிய எண்களைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும். குழந்தைகளுக்கு என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. குழந்தைகளுக்குக் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. புரதம் ஏறினால் ரத்தம் ஏறும் என்று நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன். காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி, கத்தி முதுகால் வழித்துச் சமமாக்கிப் பாலில் கலந்தேன். மகளிடம் டின்னைக் காட்டினேன். "நல்லதுங்களாப்பா?" என்று கேட்டாள். "பாலுல இருந்து எடுத்ததுதான" என்றேன். அவளுக்கு விடைத்தாள் கட்டு காத்திருந்தது. தலையை ஆட்டினாள்.

பதினோராம் மாதம் மருமகனின் ஊரான அந்தியூர்ப் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். சம்பந்தி வீட்டுச் சனம் ஐம்பது அறுபது பேர். குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினார்கள்.

"ஏனுங், பொறந்தப்ப கறுப்பா இருந்துச்சே புள்ள, இப்ப என்ன கலரு பாருங்!"

"அப்புச்சி ஊட்டுப் பாலுல்லங்க. பாலாட்டமே வந்திருச்சு."

"எங்களுக்கும் ஒரு சொம்பு அனுப்பி உடுங் சாமி, பூசிக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, நான்தான்; நானும் சிரித்தேன். தாய்மாமன் முறைக்கு என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் வைத்து ஆசாரி காதில் கம்பி இறக்கியபோது ஒரு சொட்டு ரத்தம் வந்தது. குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது அது. நான் பார்த்தேன். ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தேன். அன்று நோட்டில் எழுதியது இவ்வளவுதான்: "காதுகுத்து. அழுகை 4 நிமிடம்."

அதற்குப் பிறகு அவள் மண் தின்ன ஆரம்பித்தாள். தொட்டிச் செடியின் மண், சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு. வாயிலிருந்து விரல் விட்டு எடுப்பேன். பூச்சியாக இருக்கும் என்று ஒரு மருந்து வாங்கிக் கொடுத்தோம். முன்பு தவழ்ந்து என் பின்னால் சமையலறை வரை வந்தவள், இரண்டு முழம் தவழ்ந்து உட்கார்ந்துவிட்டாள். தூக்கம் பதினைந்து மணி நேரம், சில நாள் பதினாறு. "தொல்லையே இல்லீங், பூ மாதிரி கெடக்கறா" என்று பக்கத்து வீட்டில் சொன்னேன்.

ஒரு சாயங்காலம் அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போனேன். அந்த அம்மா கறந்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வா கண்ணு" என்று கன்னத்தைத் தொட்டாள். தொட்டவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, கட்டைவிரலால் குழந்தையின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் பார்த்தாள். பட்டியில் ஆட்டுக்குட்டிகளை அப்படித்தான் பார்ப்பார்கள். இமைக்குள் சிவப்பு இருந்தால் குட்டி தேறும். வெளுத்திருந்தால் சீக்கு.

"ஏனுங்ண்ணா, புள்ளைக்கு உள்ள செவப்பே காணமுங்களே."

"அவ கலரே அப்பிடித்தான்."

"கலரு வேறீங், இது வேறீங். ஆட்டுக்குட்டி இப்பிடி இருந்தா நாங்க சந்தைக்குக்கூட ஓட்டிட்டுப் போவ மாட்டோம். பாலு மட்டும் குடுக்கறீங்களா? கன்னுக்குட்டியே மூணாம் மாசம் பில்லக் கடிக்குதுங். டாக்டருகிட்டக் காட்டிப்போடுங்."

எனக்குக் கோபம் உச்சி வரை ஏறிவிட்டது. என் பேத்தியை ஆட்டுக்குட்டியோடு வைத்துப் பேசுவதா? பத்து கிலோ முந்நூறு இருக்கிற குழந்தையை? "நீங்க மாட்டப் பாருங், நான் கொழந்தையப் பாத்துக்கறேன்" என்று சொம்பை வாங்கிக்கொண்டு நடந்தேன். அதன் பிறகு ஒன்பது நாள் அந்த அம்மாவிடம் பேசவில்லை. போவேன், நிற்பேன், பாலை வாங்கிக்கொண்டு வருவேன். அந்த ஒன்பது நாளில் ஐம்பத்து நாலு புட்டி. இதை நான் பிறகு கணக்குப் போட்டேன். இன்றைக்கும் சில நாள் போடுகிறேன். ஐம்பத்து நாலுதான் வருகிறது.

பத்தாம் நாள் பகல் பதினொன்றரைக்குப் புட்டியை வாயில் வைத்தால் இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்கினாள். மறுபடி இரண்டு, மறுபடி மூச்சு. சட்டையை விலக்கிப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்து எழுந்தது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு அறுபத்திரண்டு. தவறாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். அறுபத்து நாலு. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வழியில் மகளின் பள்ளியில் நிறுத்தி அவளையும் ஏற்றிக்கொண்டேன். நோட்டை ஏன் எடுத்தேன் என்றால், டாக்டர் என்ன கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும் என்பதற்காக.

குழந்தை மருத்துவர் ஒரு பெண். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவரும் முதலில் கீழ் இமையைத்தான் இழுத்துப் பார்த்தார். கட்டைவிரலால், அதே மாதிரி. உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், விரலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினார். பிறகு, "என்ன சாப்பிடறா?" என்றார்.

நான் நோட்டை நீட்டினேன். அவர் வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதி வந்ததில்லை என்று சொல்வார் என ஒரு மூலையில் நான் எதிர்பார்த்தேன். அந்த நேரத்திலும் எதிர்பார்த்தேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் விரலை ஏழாவது பத்தியில் வைத்து மேலிருந்து கீழாக இறக்கினார். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம்.

"எல்லாத்துலயும் மறுத்தாள், மறுத்தாள்னே இருக்குதுங்களே."

"ஆமாங். ஆனாப் பாலு நல்லாக் குடிச்சிருவாளுங். முப்பத்தாறு அவுன்ஸு."

"அதுதாங்க பிரச்சினை."

டின்னைப் பற்றியும் நோட்டில் இருந்தது. "இந்தப் பவுடர் யார் எழுதிக் குடுத்தாங்க?"

"நானேதானுங்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். மாட்டுப் பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நாள் முந்திப் பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து வரும் இருப்பும் குறைவு, ஐந்தாறு மாதத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். வயிறு முழுக்கப் பால் இருந்தால் சாப்பாடு உள்ளே போகாது. போகிற கொஞ்சத்தில் இருக்கும் இரும்பையும் பாலின் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் உடம்பில் சேரவிடாது. போதாக்குறைக்கு, ஒரு வயதுக்குள் இவ்வளவு மாட்டுப் பால் குடித்தால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும்.

"அந்தப் புரதத்தையே தனியா எடுத்து மேலயும் போட்டிருக்கீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை.

ரத்த முடிவு வந்தது. ஹீமோகுளோபின் மூன்று புள்ளி ஆறு. பதினொன்று இருக்க வேண்டுமாம். நான் வாழ்நாளில் எத்தனையோ எண்களை எழுதியிருக்கிறேன். அந்தக் காகிதத்தை வாங்கி, புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்தேன்.

இருதயம் திணறுகிறது, ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். பி பாசிட்டிவ். எனக்கும் அதே பிரிவு. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரத்த வங்கி வாசலில் போய் நின்றேன். "வயசு எத்தனைங்க பெரியவரே?" என்றான் அங்கிருந்தவன். அறுபத்து மூன்று என்றேன். "அறுபதுக்கு மேல எடுக்கறதில்லீங்." மூன்று வருடம் அதிகம். பொய் சொல்லியிருக்கலாமே என்று வெளியே வந்த பிறகு தோன்றியது. வயதைக் குறைத்துச் சொல்லக்கூட எனக்கு வரவில்லை. மகளின் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "அம்மிணி, உங்களுக்கே பத்தலீங்களே" என்று அவளையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருப்பூருக்கு போன் போட்டோம், மருமகன் வந்து கொடுத்தார். பெரியவர்கள் மூன்று பேர் உள்ள வீட்டில் ஒருவரிடம்தான் கொடுக்க ரத்தம் இருந்தது.

அந்தப் பிற்பகல் முழுவதும் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேகமாக ஏற்றினால் இருதயம் தாங்காது என்று நிமிடத்துக்கு நாலு சொட்டு வைத்திருந்தார்கள். பதினைந்து நொடிக்கு ஒன்று. ஒரு சொட்டு விழுந்து அடுத்தது திரள்வதற்குள் இது விழுமா என்று பயம் வரும். விழும். மறுபடி பயம். நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை. எண்ணுவது நின்றுபோனது என் வாழ்வில் அன்றுதான்.

மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"என்ன அம்மிணி, ஒண்ணும் பேச மாட்டீங்கற?"

"என்னத்தப் பேசறதுங்ப்பா. நானுந்தான் பாத்துட்டே இருந்தேன். வெளுத்துட்டே வந்தா. அளகா இருக்கான்னு நெனச்சேன்."



மறுநாளும் ஒருமுறை ஏற்றினார்கள். எண் ஏழு புள்ளி ஒன்றுக்கு வந்தது. மூச்சு நாற்பதுக்கு இறங்கியது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மகளிடம் சொன்னார்: புட்டி கூடவே கூடாது. பால் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், கிண்ணத்தில், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. இரும்புச் சொட்டு மருந்து இரண்டு வேளை, ஆரஞ்சுச் சாறோடு. கீரை, பருப்பு, முட்டை, வேக வைத்து மசித்த ஈரல். ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம். நான் வாசலில் நின்று, "புத்திக்கு ஏதாச்சும் பழுது வருங்களா?" என்று கேட்டேன். "இப்பச் சொல்ல முடியாதுங்க" என்றார். எத்தனை நாளில் சொல்ல முடியும் என்று கேட்டேன். அதற்கும் அதே பதில்தான்.

மகள் பள்ளிக்கு நீண்ட லீவு போட்டாள்; ஆறு புட்டிகளையும் ஒரு பையில் கட்டி வெளியே போட்டாள். நோட்டை எடுத்துத் தன் பீரோ மேல் வைத்தாள். "இனி எழுத வேண்டாங்ப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஆனால் குழந்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பால் என்றால் நான். சோற்றுக் கிண்ணத்தோடு அவள் அம்மா உட்கார்ந்தால், தலையைத் திருப்பி என்னைத் தேடுவாள். நான் கண்ணில் பட்டதும் இரண்டு கையையும் நீட்டுவாள். வரவில்லை என்றால் அழுகை. எப்படி அழுவாள்! உதடு நீலமாகிற வரை, உடம்பை வில்லாக வளைத்து. என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்து, புட்டி இருந்த அலமாரியைக் காட்டுவாள். நான் அலமாரியைத் திறந்து, இல்லை பார் சாமி, இல்லை பார் என்று காட்டுவேன். வெற்று அலமாரியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். முதல் நாள் மூன்று கரண்டி. இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் எதுவும் இல்லை. மருந்தையும் துப்பினாள். மகள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு அம்மிணி."

"நீங்க ஊட்டுல இருந்தா அவ திங்க மாட்டாங்ப்பா. ரெண்டு வேளையும் சித்த நேரம் எங்கியாவது போயிட்டு வாரீங்களா?"

போனேன். வேறு என்ன செய்ய?

கேட்டில் ஒரு பச்சை ஈரிழைத் துண்டு போட்டுவைப்பதாக மகள் ஏற்பாடு சொன்னாள். துண்டு தொங்கினால் சாப்பாடு நடக்கிறது என்று பொருள். எடுத்துவிட்டால் நான் வரலாம். அதன்படி பகல் பன்னிரண்டுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் போய்ச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பல்லடம், தாராபுரம், கரூர், திருச்சி, மதுரை. முக்கால் மணி நேரத்தில் இருபத்தெட்டு வண்டி புறப்படும், சில நாள் முப்பது. ஒரு கண்டக்டர் என்னை அடையாளம் வைத்துக்கொண்டு, "ஏனுங் பெரியவரே, எந்த ஊருக்குங்க? தெனமும் உக்காந்தே இருக்கறீங்க" என்று கேட்டான். எந்த ஊருக்கும் இல்லை என்றேன். என் வீட்டில் ஒரு குழந்தை சாப்பிட நான் இங்கே இருக்க வேண்டும் என்று அவனிடம் எப்படி விளக்குவது?

முதல் நாள் திரும்பியபோது கிண்ணத்தில் பாதி காலியாகியிருந்தது. மூன்றாம் நாள் முழுதும் காலி. நான் இல்லாததால் வந்த சோறு அது. சந்தோஷப்பட்டேன். பட்டுத்தான் ஆக வேண்டும்.

பால்காரம்மாவிடம் பால் வேண்டாம் என்று சொல்லப் போனேன். பார்த்ததும், "புள்ள எப்பிடீங் இருக்குது?" என்றாள். ஆஸ்பத்திரிக் கதை அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். வாயில் வந்தது, "நீங்க சொன்னப்பவே..." என்ற வரைக்கும்தான்.

"மாட்டுக்காரி சொன்னா மில்லுக்காரங்க காதுல ஏறுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் குனிந்ததைப் பார்த்து உடனே, "உடுங்ண்ணா, என்ற பேரனா இருந்தா நானுமே பாத்திருக்க மாட்டேன். தன்னூட்டுப் புள்ளையில அதெல்லாம் தெரியாதுங்" என்றாள். மறுநாள் வாழை இலையில் சுவரொட்டி மடித்துக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஆட்டின் மண்ணீரல் அது. ரத்தத்துக்கு நல்லது என்று இங்கே சொல்வார்கள். மகள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, நன்றாக வேக வைத்து மசித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள். நான் வழக்கம்போல் பஸ் நிலையத்தில் இருந்தேன்.

ஐந்து வாரம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை, முப்பத்தோராவது வண்டி கிளம்பிய பிறகு எழுந்து வந்தேன். துண்டு இன்னும் கேட்டில் தொங்கியது. நேரம் தாண்டிவிட்டது, மகள் எடுக்க மறந்திருப்பாள். ஆனால் மறந்தாளா, இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டுக் கேட்டால் குழந்தை என் குரலைக் கேட்டுவிடும். கேட்டுக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன். வெயில் தலையில் இறங்கியது.

வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே மகள் பாத்திரம் கழுவும் சத்தம். குழந்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினைந்து மாதம். அதுவரை அவள் நடந்ததில்லை. நடப்பாளா என்று கேட்கக்கூட நான் பயந்துகொண்டிருந்தேன். கையை விட்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். விழுந்தால் ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. பிடித்தால் என்னைப் பார்ப்பாள், பார்த்தால் கையை நீட்டுவாள், பிறகு சாயங்காலச் சோறு போய்விடும். ஒன்று. இரண்டு. முற்றத்தில் செருப்பு ஒன்று கிடந்தது, அதைச் சுற்றிக்கொண்டாள். ஏழு. எட்டு. பதினோராவது அடியில் தடுமாறித் தொப்பென்று உட்கார்ந்தாள். அழவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கையின் நிறம் சரியாகத் தெரியவில்லை. சிவப்பாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் வந்து துண்டை எடுத்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஐயோ, எத்தனை நேரமா நிக்கறீங்ப்பா? மறந்தே போயிட்டேன். உள்ள வாங்க, வாங்க. ஒரு விசயம் தெரியுங்களா, புள்ள நடக்கறாங்ப்பா! இப்பத்தான், சன்னல்ல பாத்தேன், நாலு எட்டு வெச்சு உக்காந்தா."

"நாலா?" என்றேன்.

"ஆமாங்ப்பா, நாலு."

நான் தலையை ஆட்டினேன். குழந்தை முற்றத்தில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.